குடும்ப விழாவும் நம் காணிக்கையும்

(பங்கின் வெள்ளிவிழாவை முன்னிட்டு நடைபெற்ற குடும்ப விழா அன்று, திருப்பலிக்குப் பின் பங்குப் பேரவையின் மூத்த உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரை)

 

திருப்பலி முடிந்து எல்லாரும் பசியோடு இருக்கிறீர்கள். கோவிலின் பின்பக்கம் அண்டாவைத் திறந்துவிட்டார்கள் என்பது இந்த மேடை வரைக்கும் மணக்கிறது. பிரியாணிக்கும் மக்களுக்கும் நடுவே நின்று நீளப் பேசுகிறவனுக்குக் கிடைப்பது சாபம்தான். ஆகவே சொல்ல வந்ததைச் சுருக்கமாகவே சொல்லி முடிக்கிறேன்.

அழைப்பிதழில் ‘குடும்ப விழா’ என்று அச்சிட்டிருக்கிறோம். மறைக்கல்வி வகுப்பறைக்குக் கூரை போட நிதி திரட்டும் நாள் இது என்பதும் உங்கள் எல்லாருக்கும் தெரியும். ஆக, இன்றைய நாளுக்குப் பெயர் இரண்டு. ஒன்று குடும்பம், மற்றொன்று பணம். வீட்டிலேயே இந்த இரண்டும் சண்டை போட்டுக்கொள்வதைப் பார்க்கிறோம். கோவிலில் சண்டை போடாது என்று எப்படிச் சொல்ல முடியும்? இந்த இரண்டையும் ஒரே வீட்டில் சமாதானமாகக் குடியிருக்கச் செய்வது எப்படி என்பதுதான் என் பேச்சு.

கோவிலுக்காகப் பணம் திரட்டுவது இன்று நேற்று வந்த வழக்கமல்ல. புனித பவுலே பணம் திரட்டியவர்தான். எருசலேமில் இருந்த ஏழைக் கிறிஸ்தவர்களுக்காக அவர் கொரிந்து நகர மக்களிடம் உதவி கேட்டார். வாரத்தின் முதல் நாளில் ஒவ்வொருவரும் தம் வருவாய்க்கு ஏற்றபடி ஒரு பகுதியை எடுத்து வைக்க வேண்டும், தாம் வந்த பிறகு வசூல் செய்யக் காத்திருக்கக் கூடாது என்று முதல் கடிதத்தின் 16-ஆம் அதிகாரத்தில் எழுதினார். தலைக்கு இவ்வளவு என்று அவர் வரி போடவில்லை. அவரவர் வருவாய்க்கு ஏற்றபடி என்றுதான் சொன்னார்.

இரண்டாம் கடிதத்தின் 8-ஆம் அதிகாரத்தில் இன்னொரு செய்தி இருக்கிறது. திரண்ட பணத்தைத் தாம் ஒருவராகவே கையாள அவர் விரும்பவில்லை. சபைகள் தேர்ந்தெடுத்த சகோதரரையும் உடன் சேர்த்துக்கொண்டார். இவ்வளவு பெரிய தொகையைக் குறித்து யாரும் குறை சொல்ல இடம் இருக்கக் கூடாது, கடவுள் முன் மட்டுமல்ல மனிதர் முன்னும் நடத்தை சரியாக இருக்க வேண்டும் என்பது அவர் எண்ணம். அப்போஸ்தலருக்கே இந்தக் கவனம் தேவைப்பட்டது என்றால், பங்குப் பேரவையில் உட்கார்ந்திருக்கும் எங்களுக்கு எவ்வளவு தேவை என்பதை நீங்களே எண்ணிக்கொள்ளுங்கள்.

ஆண்டவர் இயேசுவும் ஒரு நாள் காணிக்கைப் பெட்டிக்கு எதிரே உட்கார்ந்திருந்தார் என்று மாற்கு 12-ஆம் அதிகாரத்தில் எழுதுகிறார். பணக்காரர் பலர் மிகுதியாகப் போட்டார்கள். ஏழைக் கைம்பெண் ஒருத்தி இரண்டு சிறு செப்புக் காசுகளைப் போட்டாள். மற்ற எல்லாரையும்விட அவளே அதிகம் போட்டாள் என்று ஆண்டவர் சொன்னார். இதை நாம் எத்தனையோ பிரசங்கங்களில் கேட்டிருக்கிறோம். ஆனால் ஒன்றைக் கவனித்தோமா? அந்தப் பெண்ணின் பெயர் நற்செய்தியில் இல்லை. ஆண்டவர் தம் சீடர்களை அருகே கூப்பிட்டு அவர்களிடம் சொன்னாரே தவிர, கூட்டத்தின் முன் அவளை நிறுத்திப் பாராட்டவில்லை. அவள் கொடுத்தாள், போய்விட்டாள்.

இங்கே தாய்மார்கள் கேட்க வேண்டிய ஒரு வரலாற்றைச் சொல்கிறேன். பிரான்சு நாட்டில் லியோன் என்று ஒரு நகரம், பட்டு நெசவுக்குப் பெயர் போனது. தேன்கனிக்கோட்டைப் பக்கம் மல்பெரித் தோட்டத்தையும் பட்டுக்கூட்டையும் பார்த்துப் பழகிய நமக்குப் பட்டுத்தொழிலில் உள்ள பாடு தெரியும். அந்த நகரில் பட்டு வியாபாரி ஒருவரின் மகளாக 1799-இல் பிறந்தவர் பவுலின் ஜாரிக்கோ. தொலைநாடுகளில் நற்செய்தி அறிவிக்கச் சென்ற குருக்கள் பணமின்றித் துன்பப்படுவதைக் கேள்விப்பட்டு, பட்டுத் தொழிற்சாலையில் வேலை செய்த ஏழைப் பெண்களிடம் போய் உதவி கேட்டார். வாரத்துக்கு ஒரு சூ. சூ என்பது அந்நாட்டின் சிறு செப்புக் காசு, நம் ஊர்க் காலணா போன்றது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பத்துப் பேருக்கு ஒருவர் அந்தக் காசை வாங்க வேண்டும். அப்படிப் பத்துக் குழுக்கள் சேர்ந்தால் நூறு பேர். அதற்கு ஒரு பொறுப்பாளர். பத்து நூறு சேர்ந்தால் ஆயிரம், அதற்கும் ஒருவர். இன்று நம் பங்கில் அன்பியம் வாரியாகக் காணிக்கை சேர்க்கிறோமே, கிட்டத்தட்ட அந்த அமைப்புதான். இப்படித்தான் 1822-ஆம் ஆண்டு மே 3-ஆம் நாள் விசுவாசப் பரப்புதல் சபை தொடங்கியது. சரியாக நூறு ஆண்டுகள் கழித்து, 1922-இல், பதினொன்றாம் பத்திநாதர் பாப்பரசர் அதைத் தம் நேர்ப் பொறுப்பில் எடுத்துக்கொண்டார். 1926-இல் மறைபரப்பு ஞாயிறையும் ஏற்படுத்தினார். ஆண்டுதோறும் அக்டோபரில் நாம் உண்டியல் எடுக்கும் அந்த ஞாயிற்றின் வேர் அந்தப் பட்டாலைப் பெண்களின் காசில் இருக்கிறது.

அதற்கும் நமக்கும் என்ன தொடர்பு என்று கேட்பீர்கள். நம் பக்கத்து எலத்தகிரி, மத்திகிரி, கந்திகுப்பம் போன்ற பழைய கிறிஸ்தவ ஊர்களுக்குப் போய்ப் பாருங்கள். பாரிஸ் வேதபோதக சபையைச் சேர்ந்த பிரெஞ்சுக் குருக்கள் இந்த வட்டாரத்தில் மாட்டு வண்டியிலும் கால்நடையாகவும் அலைந்து உழைத்தவர்கள். அந்தச் சபையின் ஆசிய மறைத்தளங்களுக்கு விசுவாசப் பரப்புதல் சபையின் உதவி ஆரம்ப முதலே வந்துகொண்டிருந்தது. முகம் தெரியாத எந்த ஊர்ப் பெண்ணோ தன் கூலியில் மிச்சம் பிடித்த காசில் நம் முன்னோர் ஞானஸ்நானம் பெற்றார்கள். அந்தப் பெண்ணுக்கு ஓசூர் எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூடத் தெரிந்திருக்காது.

பவுலின் அம்மையாரின் கதை அங்கே முடியவில்லை. தொழிற்சாலை ஊரில் வாழும் நாம் மறக்கக் கூடாத பகுதி இனித்தான் வருகிறது. ஆலைத் தொழிலாளர் படும் துன்பத்தைக் கண்டு, அவர்கள் மனிதராக மதிக்கப்பட்டு வேலை செய்யும் ஒரு தொழிற்சாலையை உண்டாக்க வேண்டும் என்று அவர் ஆசைப்பட்டார். 1845-இல் தெற்குப் பிரான்சில் ருஸ்ட்ரேல் என்னும் ஊரில் ஓர் இரும்பாலையை வாங்கினார். நம்பத் தகுந்தவர்கள் என்று பிறர் பரிந்துரைத்தவர்களிடம் பணத்தை ஒப்படைத்தார். அவர்கள் ஏமாற்றிவிட்டார்கள். ஆலை திவாலாயிற்று. கடன் கொடுத்தவர்களில் ஏழை எளியவர்களும் இருந்தார்கள். அந்தக் கடனைத் திருப்பித் தர வேண்டுமே என்று தம் கடைசிக் காலம் வரை கதவு கதவாய் அலைந்து, ஊரின் ஏழைகள் பட்டியலில் தம் பெயரும் ஏறிய நிலையில், 1862 ஜனவரி 9-இல் அவர் இறந்தார். 2022 மே 22-இல் அதே லியோன் நகரில் திருச்சபை அவரை முத்திப்பேறு பெற்றவராக உயர்த்தியது.

இதில் எனக்கு விளங்கும் பாடம் இதுதான். நல்ல மனம் மட்டும் இருந்தால் போதாது, கணக்குப் புத்தகமும் இருக்க வேண்டும். புண்ணியவதியின் பணத்தையே கண்காணிப்பு இல்லாத இடத்தில் பிறர் தின்றுவிட்டார்கள்.

இனி நம் ஊருக்கு வருவோம். 1930-இல் சேலம் மறைமாவட்டம் உண்டானபோது இந்தப் பக்கம் கேழ்வரகும் கொள்ளும் விளையும் வறண்ட சீமை. 1965-இல் சேலத்திலிருந்து தருமபுரி மாவட்டம் பிரிந்தது. 1970-களில் சிப்காட் வந்தது. 1980-இல் அசோக் லேலண்டு லாரி ஆலையும், டி.வி.எஸ். மொபெட் ஆலையும் உற்பத்தியைத் தொடங்கின. பின்னால் டைட்டன் கைக்கடிகார ஆலை வந்தது. ஒன்றன்பின் ஒன்றாக நூற்றுக்கணக்கான சிறு பட்டறைகள் வந்தன. 1997-இல் தருமபுரி தனி மறைமாவட்டமாயிற்று. 2004-இல் கிருஷ்ணகிரி தனி மாவட்டம், 2019-இல் ஓசூர் மாநகராட்சி.

வேலை தேடி வந்தவர்கள் தூத்துக்குடியிலிருந்தும், குமரியிலிருந்தும், திண்டுக்கல்லிலிருந்தும், திருச்சியிலிருந்தும் தங்கள் செபமாலையையும் தகரப் பெட்டியையும் கொண்டு வந்தார்கள். கேரளத்தாரும் மங்களூராரும் வந்தார்கள். இங்கேயே பிறந்து தெலுங்கும் கன்னடமும் வீட்டில் பேசுகிறவர்கள் நம்மோடு தமிழில் செபிக்கிறார்கள். இப்போது ஜார்க்கண்டு, ஒடிசா பிள்ளைகள் கடைசி வரிசையில் நின்று திருப்பலி காண்கிறார்கள். எல்லைக்கு இந்தப் பக்கம் ஜூஜூவாடி, அந்தப் பக்கம் அத்திப்பள்ளி. நடுவில் நாம். நம் பங்கில் யாருக்கும் யாரும் சொந்தக்காரர் இல்லை. ஆகவே நமக்குக் குடும்பம் என்பது நாமாகக் கட்ட வேண்டிய ஒன்று. கூரை போடுவதைவிட அது கஷ்டமான வேலை.

இப்போது என் மனச்சாட்சியில் நெடுநாளாகக் கிடக்கும் ஒன்றைச் சொல்லப் போகிறேன்.

பல ஆண்டுகளுக்கு முன், நான் வேறு ஒரு பங்கில் இருந்தேன். அங்கேயும் கட்டட வேலைக்காகக் குடும்பத்துக்கு இவ்வளவு என்று ஒரு தொகை நிர்ணயித்தோம். விழா அன்று மாலையில் மைக்கின் முன் நின்று பட்டியலை வாசித்தோம். கொடுத்தவர் பெயரும் தொகையும் முதலில். அதற்குக் கைதட்டல். பிறகு ‘பாக்கி’ என்று ஒரு பட்டியல். அதற்கு யாரும் கை தட்டவில்லை. அந்தப் பட்டியலை வாசித்தவன் நான்தான். எனக்கு நல்ல உரத்த குரல் என்று அந்த வேலையை என்னிடம் கொடுத்தார்கள். பெருமையோடு வாசித்தேன்.

அதில் ஒரு காண்டிராக்ட் தொழிலாளியின் குடும்பம் இருந்தது. கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள். அந்த மாதம் அவரை வேலைக்கு வர வேண்டாம் என்று நிறுத்தி வைத்திருந்தார்கள். எனக்கு அது தெரியாது. கேட்டிருந்தால் தெரிந்திருக்கும், நான் கேட்கவில்லை. கிறிஸ்துமஸ் வந்தது. அவர்களைக் கோவிலில் காணோம். தை மாதமும் காணோம். அன்பின் காரணமாக இல்லை, பாக்கியை நினைவுபடுத்தத்தான் அவர்கள் வீட்டுக்குப் போனேன். அந்த அம்மா பாய் விரித்து உட்கார வைத்துக் காப்பி கொடுத்தார். கோவிலுக்கு ஏன் வருவதில்லை என்று கேட்டேன்.

“கோவிலுக்குப் போகாம இல்லைண்ணே. ஞாயித்துக்கிழமை பஸ் ஏறி எல்லை தாண்டிப் போறோம். பூசை கன்னடத்துல, பிள்ளைங்களுக்கு ஒண்ணும் புரியாது. ஆனா அங்க எங்க பேரு யாருக்கும் தெரியாது” என்றார்.

கோபமாகச் சொல்லவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னார். நான் அந்தக் காப்பியை எப்படிக் குடித்து முடித்தேன் என்று எனக்குத் தெரியாது. தங்கள் பெயர் தெரியாத இடத்தைத் தேடி ஒரு கிறிஸ்தவக் குடும்பம் பஸ்ஸுக்குக் காசு கொடுத்துப் போகிறது. அவர்களை விரட்டியது என் குரல். மன்னிப்புக் கேட்டேன். அவர்களும் பெரிய மனதோடு, பரவாயில்லை என்றார்கள். அதன் பிறகு அவர்கள் நம் கோவிலுக்குத் திரும்பி வந்தார்கள் என்று சொல்லி முடிக்க எனக்கு ஆசைதான். ஆனால் அது நடக்கவில்லை. கொஞ்ச நாளில் வேலை தேடி வேறு ஊருக்குப் போய்விட்டார்கள். அந்தக் கட்டடம் நன்றாகவே எழும்பிற்று. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் குடும்பம்தான் நினைவுக்கு வருகிறது.

ஆகவேதான் நம் பங்கில் இந்த விழாவைத் தொடங்கியபோது சில காரியங்களைப் பங்குத்தந்தை அவர்களிடம் கேட்டுக்கொண்டோம். அவரும் மனமுவந்து ஒப்புக்கொண்டார். புதிதாக வந்திருப்பவர்களுக்காக அவற்றை விளக்குகிறேன்.

முதலாவது, காணிக்கை உறை. அன்பியம் வழியாக ஒவ்வொரு வீட்டுக்கும் ஓர் உறை வருகிறது. அதில் பெயர் எழுத இடமில்லை. ஒன்றும் வைக்க முடியாதவர்கள் வெறும் உறையை ஒட்டிக் கொண்டுவந்து போடலாம். பீடத்தின் முன் வைக்கும்போது எல்லா உறையும் ஒன்றுபோலத்தான் இருக்கும்.

இரண்டாவது, விருந்து. கூப்பன் வாங்கினவர்களுக்கு மட்டும் சாப்பாடு என்றால் அது ஓட்டல். கொரிந்து நகரத்தில் இப்படித்தான் நடந்தது. ஆண்டவரின் விருந்துக்குக் கூடின இடத்தில் சிலர் வயிறு நிறைய உண்டார்கள், சிலர் பசியோடு இருந்தார்கள். பவுல் அதைக் கடுமையாகக் கண்டித்தார். இங்கே முடிந்தவர்கள் இரண்டு கூப்பன் வாங்குகிறார்கள். ஒன்றை அன்பியப் பொறுப்பாளரிடம் விட்டுவிடுகிறார்கள். பந்தியில் எல்லார் கையிலும் ஒரே நிறச் சீட்டுதான். எது யார் வாங்கினது என்று பரிமாறுகிற பையன்களுக்கே தெரியாது.

மூன்றாவது, ஏலம். இன்று மதியம் பாருங்கள், நம் ஏலக்காரரின் வாய்க்கே ஒரு தனிக் கூட்டம் வரும். பூசணிக்காய், நாட்டுச் சேவல், ஒரு மூட்டை ராகி, தோட்டத்தில் பூத்த முதல் ரோஜாக்கட்டு, தாய்மார்கள் சுட்ட அதிரசம் எல்லாம் வந்திருக்கின்றன. சென்ற ஆண்டு ஒரே ஒரு கோழிமுட்டையை ஒருவர் எடுத்து, ‘மறுபடி போடுங்கள்’ என்று திருப்பிக் கொடுக்க, இன்னொருவர் எடுத்துத் திருப்பிக் கொடுக்க, அந்த முட்டை நான்கு வீட்டுக்குப் போக வேண்டியது, ஒரு வீட்டுக்கும் போகாமல் கடைசியில் ஒரு குழந்தையின் கையில் சேர்ந்தது. இது நல்ல வேடிக்கை. ஆனால் இரண்டு பெரிய கைகள் தங்கள் வீம்புக்காக விலையை ஏற்றிக்கொண்டே போனால், சுற்றி நிற்கிற கூலிக்காரன் பார்வையாளனாகி விடுவான். ஆகவே ஏலத்தில் முதல் பத்துப் பொருள்களைச் சிறுவர் சிறுமியர் மட்டும், தங்கள் உண்டியல் காசுக்குக் கேட்கலாம் என்று வைத்திருக்கிறோம். அதில் வரும் பணம் குறைவு. வரும் சிரிப்பு அதிகம்.

நான்காவது, உழைப்பு. பணம் கொடுக்க முடியாதவர்கள் கை கொடுக்கலாம் என்று நாங்கள் சொன்னதில்லை. அப்படிச் சொன்னால் கை கொடுக்கிறவன் பணமில்லாதவன் என்று ஆகிவிடும். எல்லாரும் கை கொடுக்க வேண்டும் என்பதே நம் விதி. நேற்று இரவு வெங்காயம் உரித்தவர்களில் மேனேஜரும் இருந்தார், கேட்டில் நிற்கும் காவலாளியும் இருந்தார். வெங்காயம் இருவர் கண்ணிலும் ஒரே மாதிரிதான் நீர் வரவைத்தது. இரவு ஷிப்டு முடித்து நேராக இங்கே வந்து பந்தல் கட்டிவிட்டு, திருப்பலியில் தூங்கிப்போன நம் இளைஞர்களை யாரும் குறை சொல்ல வேண்டாம். அவர்கள் தூக்கமும் ஒரு காணிக்கைதான்.

ஐந்தாவது, கணக்கு. 1983-இல் வெளிவந்த திருச்சபைச் சட்டத் தொகுப்பு இதைத் தெளிவாகவே வைத்திருக்கிறது. ஒரு குறிப்பிட்ட நோக்கத்துக்காக மக்கள் கொடுத்த காணிக்கையை அந்த நோக்கத்துக்கே செலவிட வேண்டும் என்கிறது 1267-ஆம் எண். மக்கள் கொடுத்த பணத்துக்கு மக்களிடம் கணக்குச் சொல்ல வேண்டும் என்கிறது 1287-ஆம் எண். ஒவ்வொரு பங்கிலும் நிதிக்குழு இருக்க வேண்டும் என்கிறது 537-ஆம் எண். கூரைக்கென்று வந்தது கூரைக்கே போகும். வரவையும் செலவையும் அடுத்த ஞாயிறு கோவில் வாசல் பலகையில் ஒட்டுவோம். கொடுத்தவர் பெயர் அதில் இராது. ஆனால் எத்தனை தகரம், எத்தனை மூட்டை சிமெண்டு, கொத்தனார் கூலி எவ்வளவு என்பதெல்லாம் இருக்கும். கணக்கு மக்களுக்குத் தெரிய வேண்டும். கொடுத்தவர் கை கடவுளுக்குத் தெரிந்தால் போதும். நான் முன்பு இருந்த இடத்தில் இதைத் தலைகீழாகச் செய்தோம்.

சிலர் கேட்கலாம்: “ஐயா, பெயரை வாசித்தால்தானே நாலு பேர் பார்த்து இன்னும் கொடுப்பார்கள்? நீங்கள் சொல்கிறபடி செய்தால் வசூல் குறையுமே?” நியாயமான கேள்விதான். ஒருவேளை குறையும். கூரை இந்த ஆண்டு முடியாமல் அடுத்த ஆண்டுக்குப் போகலாம். மழைக்காலத்தில் நம் பிள்ளைகள் இன்னும் ஓர் ஆண்டு கோவில் தாழ்வாரத்திலேயே மறைக்கல்வி படிக்க வேண்டி வரலாம். எனக்கும் அது வருத்தம்தான். ஆனால் அந்தத் தாழ்வாரத்தில் ஒரு பிள்ளையும் குறையாமல் உட்கார்ந்திருக்கும். ஒரு பிள்ளை எல்லை தாண்டிய பஸ்ஸில் உட்கார்ந்திருக்க, மற்றப் பிள்ளைகளுக்குப் புதுக்கூரை எதற்கு?

வெள்ளிவிழாக் காணும் நம் பங்குக்கு இருபத்தைந்து வயது. வீட்டுப் பிள்ளையாக இருந்தால் வேலைக்குப் போய் முதல் சம்பளம் வாங்கியிருக்கும். முன்பு எங்கோ இருந்த பட்டாலைப் பெண்கள் நமக்காகக் கொடுத்தார்கள். இனி நம் முறை. ஆகவே இன்றைய வசூலில் ஒரு சிறு பகுதியை அடுத்த மறைபரப்பு ஞாயிற்றுக் காணிக்கையோடு சேர்த்து அனுப்பலாமா என்று உங்கள் முன் வைக்கிறேன். ஆனால் கூரைக்கென்று சொல்லி வாங்கியதை நாங்களாக வேறு இடத்துக்கு எடுக்கக் கூடாது. அதற்கென்று தனி உண்டியல் ஒன்று வாசலில் வைத்திருக்கிறோம். விருப்பமுள்ளவர்கள் அதில் ஒரு நாணயம் போடுங்கள். ஒரே ஒரு நாணயம் போதும். நமக்கு வந்ததும் அப்படி ஒரு நாணயம்தான்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். இன்று பந்தியில் உட்காரும்போது உங்களுக்கு அறிமுகமில்லாத ஒரு குடும்பத்தின் அருகே உட்காருங்கள். எந்த ஊர், என்ன வேலை, பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள் என்று கேளுங்கள். பெயரைக் கேட்டு நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பட்டியலில் வாசிப்பதற்காக அல்ல. அடுத்த ஞாயிறு வரவில்லை என்றால் ‘உடம்புக்கு என்ன?’ என்று விசாரிப்பதற்காக. நம் பெயர் தெரிந்த இடம் என்பதால்தான் ஒருவர் இந்தக் கோவிலுக்கு வர வேண்டும். அப்படி வந்தால், ‘குடும்ப விழா’ என்று நாம் அச்சிட்டது பொய்யாகாது.

அண்டாவை இனியும் காக்க வைப்பது பாவம்.  இறைவன் நம் குடும்பங்களை ஆசீர்வதிப்பாராக!